தொழில் இடம்பெயரும்போது தொழில் நுணுக்கம் இடம்பெயர்வது எப்படி?

ஒரு தொழிற்கூடத்தை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாற்றுவதென்று ஒரு சங்கம் தீர்மானிக்குமானால், அதற்கான மதிப்பீட்டில் என்னென்ன செலவுகள் இடம்பெறும் என்பதை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். மனை விலை, கட்டடச் செலவு, தறிகளையும் இயந்திரங்களையும் பிரித்துப் பூட்டும் கூலி, லாரி வாடகை, மின் இணைப்புக் கட்டணம், தளவாடச் சாமான்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அத்தொழிற்கூடத்தை அதுவரை நடத்தி வந்த கைகளின் அறிவைப் புதிய இடத்திற்குக் கொண்டு சேர்ப்பதற்கென்று ஒரு தொகை குறிக்கப்பட்டிருப்பதை நாம் பெரும்பாலும் காண்பதில்லை. அந்த அறிவு, சாமான்களோடு சாமானாகத் தானே லாரியில் ஏறி வந்துவிடும் என்ற நம்பிக்கையிலேயே பல இடமாற்றங்கள் நடைபெறுகின்றன.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பதையும், தொழில் நுணுக்கம் உண்மையில் எவ்வழியாகப் பயணம் செய்கிறது என்பதையும், உலகத் தொழில் வரலாற்றிலிருந்து மூன்று உதாரணங்களைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம். நெசவாளர் சங்கங்களுக்கும், பட்டுக்கூடு, தேயிலை முதலியவற்றைப் பக்குவப்படுத்தும் உற்பத்தியாளர் சங்கங்களுக்கும் இது ஒருங்கே பொருந்துவதாகும்.

நுணுக்கம் என்பது யாது?

எந்த உற்பத்தித் தொழிலையும் மூன்று கூறுகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, சாதனம். தறி, கொதிகலன், சாயத் தொட்டி, இயந்திரம் முதலியன இதில் அடங்கும். இவற்றை விலைக்கு வாங்கலாம், வண்டியில் ஏற்றலாம். இரண்டாவது, முறை. எழுதி வைக்கக்கூடிய அளவுகளும், வரைபடங்களும், பக்குவக் குறிப்புகளும் இவ்வகையின. இவற்றைத் தபாலில் அனுப்பிவிடலாம். மூன்றாவது, நுணுக்கம். இது தொழிலாளியின் கண்ணிலும் கையிலும் மூக்கிலும் குடியிருப்பது. பன்முறை செய்தும், சிலமுறை கெடுத்தும், ஆண்டுக்கணக்கில் படிந்தது.

வாட் சாயத்தை எடுத்துக்கொள்வோம். இத்தனை கிலோ நூலுக்கு இவ்வளவு சாயம், இவ்வளவு காஸ்டிக் சோடா, இவ்வளவு ஹைட்ரோஸ், இந்த வெப்பம், இத்தனை நிமிடம் என்று சாயக் கம்பெனியின் அட்டை கூறுகிறது. எழுத்தறிந்த எவரும் அந்த அட்டையைப் படிக்கலாம். ஆனால், தொட்டியிலுள்ள சாயநீர் தெளிந்து தனக்குரிய இடைநிறத்தை அடைந்துவிட்டதா, ஹைட்ரோஸின் வலுக் குறைந்து நீர் கலங்கத் தொடங்குகிறதா, சிட்டத்தை எப்போது புரட்டுவது, எப்போது வெளியே எடுத்துக் காற்றில் பிடிப்பது என்பவற்றை அனுபவமுள்ள சாயக்காரர் கண்டமாத்திரத்தில் அறிகிறார். எவ்வாறு அறிந்தீர் என்று கேட்டால் அவராலேயே முழுமையாக விளக்கிச் சொல்ல இயலாது.

பாவுக்குக் கஞ்சி போடுபவரும் அத்தகையவரே. கஞ்சியின் பதத்தை விரலிடையில் தேய்த்துப் பார்க்கிறார். அன்றைய காற்றையும் வெயிலையும் கவனித்து அதை நீர்க்க விடுவதா, கெட்டியாக வைப்பதா என்று முடிவு செய்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டிய கொழுந்தைக் கைப்பிடியில் இறுக்கிவிட்டுத் தளர்த்தும்போது அது விரிந்து கொடுக்கும் விதத்தைக் கொண்டே, வாட்டம் போதுமா போதாதா என்று அனுபவசாலி கூறிவிடுகிறார். சாதனமும் முறையும் ஊர் மாறும். நுணுக்கமோ அதனையுடைய மனிதர் சென்றாலன்றி ஊர் மாறுவதில்லை. இதனை முதலில் மெய்ப்பிக்கும் உதாரணம் நூற்புத் தொழிலில் கிடைக்கிறது.

சட்டம் தடுத்தும் கடல் கடந்த நூற்பு

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து பஞ்சு நூற்பில் உலகிற்கே முன்னணியில் நின்றது. ரிச்சர்டு ஆர்க்ரைட்டின் நீர்விசை நூற்பு இயந்திரமும், அதனையொட்டி அவர் வகுத்த ஆலை முறையுமே அதற்குப் பெருங்காரணம். இந்தத் தொழில் பிற நாடுகளுக்குச் சென்றுவிடலாகாது என்று கருதிய பிரிட்டிஷ் அரசாங்கம், தேர்ந்த கைவினைஞர் வெளிநாட்டில் குடியேறுவதையும், ஜவுளி இயந்திரங்கள் ஏற்றுமதியாவதையும் சட்டங்களால் தடை செய்தது.

அதே காலத்தில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் மோசஸ் பிரௌன் என்ற வணிகர் நூற்பாலை தொடங்க விரும்பிச் சில இயந்திரங்களை வாங்கி வைத்திருந்தார். அவை ஆர்க்ரைட்டின் இயந்திரத்தைப் பின்பற்றி அமெரிக்காவில் செய்யப்பட்டவை. பணம் இருந்தது, இயந்திரம் இருந்தது, ஓடும் ஆற்று நீரும் இருந்தது. ஆயினும் விற்கத்தக்க நூல் வரவில்லை.

1789-ஆம் ஆண்டில் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் தமது 21-ஆம் வயதில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்றார். இவர் ஆர்க்ரைட்டின் கூட்டாளியாயிருந்த ஜெடிடியா ஸ்ட்ரட் என்பவரின் ஆலையில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் தொழில் பழகியவர். சட்டத்திற்கு அஞ்சி வரைபடம் எதனையும் அவர் எடுத்துச் செல்லவில்லை. பிரௌன் வைத்திருந்த இயந்திரங்களைப் பார்த்ததும், இவை உதவா என்று கூறி, உள்ளூர்த் தச்சரையும் கொல்லரையும் துணைக்கொண்டு புதியனவற்றைக் கட்டத் தொடங்கினார். 1790-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பாட்டக்கெட் என்ற ஊரில் நீர்விசையால் நூல் நூற்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்கத்தக்க சிறு நிகழ்ச்சி ஒன்றுண்டு. பஞ்சைப் பிரித்துச் சீராக்கும் கார்டிங் இயந்திரம் முதலில் சரியாக வேலை செய்யவில்லை. பஞ்சு பற்களில் சுருண்டு திரண்டது. கம்பிப் பற்களின் வளைவு போதாமையே காரணம் என்பதை ஸ்லேட்டர் கண்டறிந்து, அவற்றைத் தட்டி உரிய கோணத்திற்கு வளைக்கச் செய்த பின்னரே இயந்திரம் ஓடியது. ஓர் ஆலையின் வெற்றியும் தோல்வியும் அச்சிறு வளைவில் அடங்கியிருந்தன. அந்த வளைவு கண்ணுக்குப் பழகியிருந்தமையால்தான் குறை அவருக்குத் தெரிந்தது.

கைவினைஞர் குடிபெயர்வதற்கிருந்த தடையை 1824-ஆம் ஆண்டிலும், இயந்திர ஏற்றுமதித் தடையை 1843-ஆம் ஆண்டிலும் பிரிட்டிஷ் அரசாங்கமே நீக்கிவிட்டது. அதற்குள் அமெரிக்காவில் நூற்பாலைகள் வேரூன்றிவிட்டன. அறிந்த ஒருவர் சென்றால் தொழில் செல்லும். அவர் செல்லாவிடில் இயந்திரம் இருந்தும் பயனில்லை என்பதே இதன் படிப்பினை.

டொமியோகா பட்டாலை கற்பித்த பாடம்

ஸ்லேட்டர் தனி மனிதராகச் செய்ததை, ஓர் அரசாங்கம் திட்டமிட்டுச் செய்த வரலாறு ஜப்பானில் உண்டு. பட்டு வளர்ப்போரும் பட்டு நெசவாளரும் இதனை விசேஷமாக அறிந்துகொள்ள வேண்டும்.

1859-ஆம் ஆண்டில் யோகோஹாமா துறைமுகம் அயல்நாட்டு வாணிகத்திற்குத் திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் பட்டுப்புழுக்களைப் பெப்ரின் நோய் அழித்து வந்த காலம் அது. ஆதலின் ஜப்பானியக் கச்சாப் பட்டுக்குப் பெருங்கிராக்கி ஏற்பட்டது. கிராக்கி மிகுந்ததும், அவசரத்தில் சுற்றப்பட்ட மட்டமான பட்டு சந்தைக்கு வந்து, ஜப்பானியப் பட்டின் நற்பெயர் குன்றியது. நிலைமையைச் சீராக்க எண்ணிய ஜப்பானிய அரசாங்கம், பட்டுக்கூடு மிகுதியாக விளையும் கும்மா பகுதியைச் சேர்ந்த டொமியோகாவில் பிரெஞ்சு முறைப்படி ஒரு மாதிரி ஆலையை அமைத்து, 1872-ஆம் ஆண்டில் தொடங்கி வைத்தது. ஒரே சமயத்தில் 300 கொதிநீர்த் தொட்டிகளில் இழையெடுக்கும் வசதி அதில் இருந்தது.

ஆலையை அமைக்கும் பொறுப்பை ஏற்றவர், பட்டின் தரம் பார்ப்பதில் வல்லவரான போல் புரூனா என்ற பிரெஞ்சுக்காரர். பிரான்சிலுள்ள இயந்திரத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து அவர் நட்டுவிடவில்லை. இரண்டு முக்கியமான மாறுதல்களைச் செய்வித்தார். ஜப்பானியப் பெண்களின் உயரத்திற்கு ஏற்றவாறு இயந்திரத்தின் உயரத்தை மாற்றியது ஒன்று. மற்றொன்று, ஈரப்பதத்தைப் பற்றியது. பட்டிழையின்மீது இயற்கையான பசை ஒன்றிருப்பதை நாம் அறிவோம். உலர்ந்த காற்றுள்ள நாட்டில் இழையை நேரே பெரிய சக்கரத்தில் சுற்றிவிட்டால் அது விரைவில் உலர்ந்துவிடும். ஜப்பானின் ஈரக்காற்றில் அவ்வாறு செய்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் சிறு சுற்றியில் சுற்றி, பின்னர்ப் பெரிய சுற்றியில் மறுசுற்றுச் செய்யும் முறையை அவர் கைக்கொண்டார். தொழிலைக் கொண்டு வருபவர் தம் ஊர்ப் பழக்கத்தை வற்புறுத்தாமல், வந்த ஊரின் காற்றையும் நீரையும் ஆட்களையும் மதித்து நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இயந்திரத்தோடு பிரான்சிலிருந்து பெண் ஆசிரியைகள் சிலரும் அழைத்து வரப்பட்டனர். இழையெடுக்கும் கலையைப் புத்தகத்தால் கற்பிக்க இயலாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கொதிநீரில் மிதக்கும் கூட்டில் இழைமுனையைக் கண்டு பிடித்தல், ஓர் இழை தீர்ந்ததும் நூலின் கனம் குறையாதவாறு மற்றொன்றைச் சேர்த்தல் ஆகிய யாவும் பக்கத்தில் அமர்ந்து, கையைப் பார்த்துக் கை பழக வேண்டியவை.

ஆனால் தொடக்கத்தில் கற்றுக்கொள்ளப் பெண்கள் முன்வரவில்லை. அயல்நாட்டார் குடித்த சிவந்த திராட்சை மதுவை இரத்தமென்று எண்ணிய மக்கள், ஆலைக்குச் செல்லும் பெண்களின் உயிருக்கே ஆபத்தென்று அஞ்சினர். ஆலையின் தலைவராயிருந்த ஒடாக்கா என்பவர் தம் சொந்த மகளையே முதலில் சேர்த்து அந்த அச்சத்தைப் போக்க முயன்றார். புதிய தொழில்முறைக்கு ஆட்களைச் சேர்க்க விரும்பும் நிர்வாகக் குழுவினர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

டொமியோகாவின் உண்மையான வெற்றி ஆலையின் வரவு செலவுக் கணக்கில் இல்லை. அது பெரிய இலாபம் ஈட்டிய ஆலையன்று. 1893-ஆம் ஆண்டில் அரசாங்கம் அதைத் தனியாருக்கு விற்றுவிட்டது. ஆனால் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து பயின்ற பெண்கள், தத்தம் ஊர் திரும்பி, அங்கே எழுந்த புதிய ஆலைகளில் ஆசிரியைகளாயினர். மாட்சுஷிரோ என்னும் ஊரிலிருந்து 1873-ஆம் ஆண்டில் பயிற்சிக்குச் சென்ற வாடா எய் என்ற பெண்மணி, கூடு தரம் பிரிக்கும் வேலையில் தொடங்கிப் படிப்படியாக இழையெடுக்கக் கற்று, மறு ஆண்டே ஊர் திரும்பித் தம் ஊர்ப் பகுதியில் நிறுவப்பட்ட ஆலையில் பிறருக்குக் கற்பித்தார். அந்த அனுபவங்களைப் பிற்காலத்தில் அவர் எழுதியும் வைத்தார்.

நாகானோ பகுதி ஆலைக்காரர்கள் மேலும் ஒரு படி சென்றனர். விலையுயர்ந்த இரும்புச் சட்டங்களுக்குப் பதிலாக மரத்தையும், உலோகத் தொட்டிகளுக்குப் பதிலாகப் பீங்கான் தொட்டிகளையும் கொண்டு மலிவான இயந்திரங்களைக் கட்டிக்கொண்டனர். நுணுக்கம் கையில் வந்துவிட்டமையால், சாதனத்தைத் தம் சக்திக்கேற்ப மாற்றிக்கொள்ள அவர்களால் முடிந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவதற்குள் கச்சாப் பட்டு ஏற்றுமதியில் ஜப்பான் சீனாவையும் மிஞ்சி உலகில் முதலிடம் பெற்றது. டொமியோகா ஆலை 1987 வரை உற்பத்தி செய்து, 2014-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

மேற்கூறியவை பழங்காலத்துச் செய்திகள் என்று எவரேனும் கருதலாம். ஆதலால் நம் மாநிலத்திலேயே நடைபெற்ற ஓர் உதாரணத்தையும் காண்போம்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் செய்யப்பட்டு வந்தன. 1955-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியை அமைத்தது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முழு வண்டியையும் இங்கேயே செய்துவிட வேண்டுமென்று அவர்கள் முதல் நாளிலேயே முனையவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

முதற் கட்டத்தில், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கும் வேலை மட்டுமே நடைபெற்றது. பூட்டிப் பூட்டி, எந்தப் பாகம் எதனோடு எவ்வாறு பொருந்த வேண்டும் என்பதைத் தொழிலாளர் கைகள் கற்றன. அடுத்த கட்டமாக 1957-ஆம் ஆண்டில் பாகங்களைச் செய்வதற்கான கருவிகள் இந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. பாகங்கள் ஒவ்வொன்றாக இங்கே செய்யப்படலாயின. 1962-ஆம் ஆண்டளவில் வண்டி முழுவதும் இந்நாட்டிலேயே உற்பத்தியாயிற்று. பூட்டுவதில் தொடங்கிப் படைப்பதில் முடிய ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆயின.

அந்தப் பொறுமையின் பயன் பின்னர்த் தெரிந்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1970-ஆம் ஆண்டோடு இங்கிலாந்தில் அவ்வண்டியின் உற்பத்தியே நின்றுபோயிற்று. தாய் வீட்டில் அடுப்பு அணைந்த பின்னும் திருவொற்றியூரில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. 1977-ஆம் ஆண்டில் இங்கே செய்யப்பட்ட புல்லட் வண்டிகள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாகத் தொடங்கின. பின்னர் 2013-ஆம் ஆண்டில் ஒரகடத்தில் புதிய ஆலை திறக்கப்பட்டபோதும், பெட்ரோல் தொட்டியின்மீது மெல்லிய கோடுகளைத் தூரிகை கொண்டு கையாலேயே இழுக்கும் வேலை அங்கும் தொடர்ந்தது. புடவையின் கரையில் ஓர் இழை பிசகினால் என்னவாகும் என்பதை அறிந்த நம் நெசவாளர்களுக்கு, அந்தக் கோட்டின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இடமாற்றம் எங்கே இடறுகிறது?

இனி நம் சங்கங்களின் நிலைக்கு வருவோம். நாம் தணிக்கைக்குச் சென்ற சங்கமொன்றில் சாயப்பட்டறை ஊருக்கு நடுவிலிருந்து புறநகரிலுள்ள புதிய கட்டடத்திற்கு மாற்றப்பட்டிருந்தது. தொட்டிகள் புதியன, சாயமும் அதே சாயம், அட்டையும் அதே அட்டை. எனினும் நூல் மங்கலாகவும் திட்டுத் திட்டாகவும் வந்தது. மேலே கிடந்த சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுத வேண்டியதாயிற்று. சாயக் கம்பெனிமீது குற்றம் சாட்டிக் கடிதங்கள் எழுதப்பட்டன. வீடு பழைய இடத்தருகில் இருந்தமையால் புதிய பட்டறைக்கு வர இயலாமல் நின்றுவிட்ட மூத்த சாயக்காரரைக் கலந்துகொள்ள எவருக்கும் தோன்றவில்லை. பல வாரங்களுக்குப் பின் அவர் அழைக்கப்பட்டபோது, புதிய ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சோப்பைக் கரைத்துப் பார்த்தார், நுரை எழவில்லை. சாயமிட்டபின் சோப்பு நீரில் கொதிக்க வைக்கும்போது கடின நீரிலுள்ள உப்புகள் சோப்போடு சேர்ந்து கசடாகி இழையின்மீது படிந்து வந்தன. நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, அதை மென்மையாக்கும் சாதனம் பொருத்தியபின் பழைய நிறம் திரும்பிற்று. பழைய பட்டறையின் கிணற்று நீர் மென்மையானது என்பது எந்த அட்டையிலும் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் அதுவரை எவருக்கும் ஏற்படவில்லை.

நீரையும் காற்றையும் பரிசோதித்துவிடலாம். அதனினும் கடினமான தடை ஒன்றுண்டு. பழைய இடத்துத் தொழிலாளி, 'நான் அறிந்ததை எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டால் நாளை என் பிழைப்பு என்னாவது?' என்று எண்ணுகிறார். இதைப் பொறாமை என்றோ பிடிவாதம் என்றோ ஒதுக்கிவிடுவது நியாயமன்று. தனியார் கம்பெனி ஒன்று ஆலையை வேறிடத்திற்கு மாற்றும்போது, வேலை இழக்கப்போகும் ஆட்களையே புதியவர்களுக்குப் பயிற்சி தரும்படி பணிக்கும் வழக்கம் உலகெங்கும் இருந்து வருகிறது. அந்நிலையில் அவர்கள் அரை மனத்தோடு கற்பித்தால் அதில் வியப்பென்ன?

கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளியே பங்குதாரர். ஆகவே இந்தத் தொல்லை நமக்கில்லை என்று கூறுவோரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. நம் நெசவாளர் பெரும்பாலோர் உருப்படிக் கூலி பெறுபவர்கள். ஒருவர் தம் தறியை நிறுத்திவிட்டு மற்றொருவருக்கு ஒரு வாரம் அச்சுப் பிணைக்கவோ ஜக்கார்டு அட்டை திருத்தவோ கற்பித்தால், அந்த ஒரு வாரக் கூலி அவருக்கு இல்லை. ஆசிரியரையே அபராதம் கட்டச் செய்யும் ஏற்பாடு இது. பங்குச் சான்றிதழ் அவர் பெட்டியில் இருப்பதனால் மட்டும் அவர் வீட்டில் உலை கொதித்துவிடாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து, இடமாற்றத்தை எண்ணியிருக்கும் சங்கங்கள் கைக்கொள்ளத்தக்க சில ஏற்பாடுகளைக் கூறுவோம்.

முதலாவது, நுணுக்கப் பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டும். இருப்புப் பதிவேட்டில் தறிகளை எழுதுவது போலவே, சங்கத்தின் ஒவ்வொரு வேலையையும் எழுதி, அதனை நன்கறிந்தவர் யார், அவருக்கு அடுத்தபடி அறிந்தவர் யார் என்று குறிக்க வேண்டும். இரண்டாவது பெயர் எழுத முடியாத வேலை எதுவோ, அதுவே அபாயமுள்ள வேலை. பயிற்சியை அங்கிருந்து தொடங்குக.

இரண்டாவது, கற்பிக்கும் முறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்காவில் தொழிற்சாலைகளுக்குப் புதிய ஆட்களை விரைவில் தயாரிப்பதற்காக ஒரு பயிற்சித் திட்டம் நடத்தப்பட்டது. போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அதனைப் பெரிதும் மேற்கொண்டன. அதன் வழி எளிமையானது. கற்பவரின் அச்சத்தைப் போக்கி ஆயத்தப்படுத்துதல். வேலையைப் படிப்படியாகச் செய்து காட்டி ஒவ்வொரு படியின் சூட்சுமத்தையும் காரணத்தோடு கூறுதல். கற்பவரையே செய்யவிட்டு, செய்துகொண்டே விளக்கிச் சொல்லச் செய்தல். பின்னர்த் தனியே விட்டு அடிக்கடி வந்து பார்த்தல் என்பவை அதன் நான்கு நிலைகள். 'இப்படிச் செய்' என்பதோடு நில்லாமல் 'ஏன் இப்படி' என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் கற்பவரின் மனத்தில் அது தங்கும். இக்காலத்தில் கைப்பேசியால் படமெடுத்து வைத்துக்கொள்வதும் நன்றே. ஆனால் கஞ்சியின் பிசுக்கையும் பாவின் விறைப்பையும் படம் காட்டாது என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, மாதிரிகளைச் சேமித்தல். பழைய இடத்தில் நன்றாக அமைந்த நூற்சிட்டத்தையும் துணியையும் மட்டுமன்றி, கெட்டுப்போனவற்றையும் காரணம் எழுதிக் கட்டி வைக்க வேண்டும். புதியவர் தம் வேலையை அவற்றோடு ஒப்பிட்டுத் தாமே குறையைக் கண்டுகொள்ள அவை உதவும்.

நான்காவது, புதிய இடத்தின் நீர், ஈரம், வெயில், மின்சாரம் ஆகியவற்றை முன்கூட்டியே ஆராய்தல். கட்டடம் எழும்புவதற்கு முன்பே அவ்விடத்து நீரில் சில சிட்டங்களைச் சாயமிட்டுப் பார்த்துவிட்டால், பின்னால் வரும் நட்டத்தைத் தவிர்க்கலாம். டொமியோகாவின் மறுசுற்று முறை நமக்குக் கூறும் புத்திமதி இதுவே.

ஐந்தாவது, இரு இடங்களையும் சில காலம் ஒருங்கே நடத்துதல். புதிய இடத்துச் சரக்கு பழைய மாதிரிக்குச் சமமாகத் தொடர்ந்து வரும்வரை பழைய பட்டறையை மூடுதல் கூடாது. மாற்றத்தைப் பகுதி பகுதியாகச் செய்தல் மேலும் நலம். திருவொற்றியூரில் பூட்டும் வேலை முதலில் வந்து, படைக்கும் வேலை பின்னர் வந்ததைப் போல.

ஆறாவதும் முதன்மையானதும், கற்பிப்பவரின் உரிமையைப் பற்றியது. கற்பிக்கும் நாட்களுக்கு, அவரது சென்ற ஓராண்டுச் சராசரி வருவாய்க்குக் குறையாத கூலியைச் சங்கம் கொடுக்க வேண்டும். புதிய இடத்திற்கு வர இயலுபவருக்கு அங்கே வேலையும், இயலாதவருக்குப் பழைய ஊரிலேயே தக்க மாற்று வேலையும் என்ன என்பதைப் பயிற்சி தொடங்குமுன்பே நிர்வாகக் குழு தீர்மானமாக நிறைவேற்றி, அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். பயிற்சி முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், பயிற்சியும் முடியாது. பார்த்துக்கொள்ளவும் எவரும் இரார்.

இவையெல்லாம் பணச் செலவுள்ள ஏற்பாடுகள் என்று கூறப்படலாம். செலவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் செலவைச் செய்யாத சங்கமும் அதனைத் தவிர்த்துவிடுவதில்லை. கெட்ட சரக்காகவும், திரும்பி வந்த புடவையாகவும், கைவிட்டுப் போன வியாபாரியாகவும் அது வேறு தலைப்புகளில் கணக்கில் ஏறிவிடுகிறது. சங்கத்தின் ஐந்தொகையில் கட்டடத்திற்கும் தறிக்கும் மதிப்பு எழுதி ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கிறோம். அங்கத்தினரின் கைத்திறனுக்கு அங்கே இடமில்லை. ஐந்தொகையில் இல்லாத அந்தச் சொத்து, வைத்திருந்து தேய்வதன்று. கற்பிக்கக் கற்பிக்கப் பெருகுவது. கற்பியாதொழிந்தால் ஒரே தலைமுறையில் முழுவதும் மறைவது.

ஆகவே, இடமாற்றத் தீர்மானம் பொதுக்குழுவின் முன் வரும்போது அங்கத்தினர்கள் மனை விலையையும் லாரி வாடகையையும் விசாரிப்பதோடு நின்றுவிடலாகாது. யார் யார் கற்பிக்கப் போகிறார்கள், எத்தனை மாதம் கற்பிக்கப் போகிறார்கள், அதற்கு அவர்களுக்கு என்ன கொடுக்கப் போகிறோம் என்ற மூன்று கேள்விகளையும் எழுந்து நின்று கேட்க வேண்டும். அவற்றிற்கு விடை எழுதப்பட்டுள்ள மதிப்பீட்டை நிறைவேற்றுங்கள். எழுதப்படாததைத் திருப்பி அனுப்பி, எழுதி வரச் செய்யுங்கள்.